அடிபட்ட உடம்புக்குக் காவல்

பெரிய அடிபட்டு ஆபரேஷன் முடிஞ்சா ஆள் தப்பிச்சாச்சுன்னு நினைக்கிறோம். காவல் அதுக்கப்புறம்தாங்க வேணும்.

எங்க பங்காளி ஒருத்தருக்கு ரோட்டவேட்டர்ல கால் மாட்டுச்சு. காலைக் காப்பாத்திட்டாங்க. 5ஆம் நாள் நிமோனியா வந்துருச்சு. "காலுக்கும் நுரையீரலுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு அவர் சம்சாரம் கேட்டாங்க. டாக்டர் விளக்கினார்.

அடிபட்டதும் சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலின், கார்டிசோல் ரெண்டையும் அள்ளி விடுது. ரத்த அழுத்தம் விழாம உயிரைப் பிடிச்சு வைக்கிறது அதுங்கதான். ஆனா கார்டிசோல் நாள்கணக்கா கூடியே நின்னா, லிம்போசைட்ங்கிற வெள்ளை அணுக்கள் ரத்தத்துல குறையுது. கிருமியை எதிர்க்கிற வேகமும் மட்டுப்படுது. ஏரிக்கரை உடைஞ்சா ஊரே மண்வெட்டியோட அங்க ஓடும். அன்னிக்கு ராத்திரி காட்டுப்பன்னிக்குக் காவல் ஏது?

அதனால ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிச்சுக் கூட்டமாப் போகாதீங்க. சளி, இருமல் இருந்தா போனிலேயே விசாரிங்க. கையைக் கழுவாம தொடாதீங்க. பார்க்க வரலையேன்னு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.