கைக்குள் ஒரு கண்ணி

"பிள்ளை கெட்டுவிட்டான்" என்று வீட்டுக்கு வீடு ஓலம். கெடுத்தவன் எவன் என்று கேட்பார்தாம் இல்லை, தம்பி!

என் தமக்கை மகன் பத்தாம் வகுப்பு மாணவன். 'ஏன், எதற்கு' என்று என்னைத் துளைத்தெடுத்தவன். 2020-ல் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளை மூடிற்று. பாடம் கேட்கவென்று கைப்பேசி வந்தது. பின்னர்க் கதவு திறந்தது. கைப்பேசியோ கையைவிட்டு அகலவில்லை. நள்ளிரவு கடந்தும் திரையொளியில் அந்த முகம், வகுப்பிலோ உறக்கம், கேள்வி கேட்ட வாய் ஊமையாகிவிட்டது. தமக்கை தாயத்துக் கட்டினாள். அத்தான் பிரம்பெடுத்தார். பாட்டி, 'தலைவிதி' என்றாள்.

விதியாம் விதி! அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்கின்னர் கூண்டுப் புறாவை வைத்து ஆராய்ந்தவர். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி தீனி விழுந்தால் புறா ஓயாது கொத்துகிறது. தீனி நின்ற பின்னும் நெடுநேரம் கொத்துகிறது. சூதாட்டப் பொறியின் சூட்சுமமும் இதுவே. திரையைத் தள்ளத் தள்ள, பத்துச் சலிப்புக்கு நடுவே ஒரு சிரிப்பு. எப்போது வருமென்று அறியாத அந்த ஒரு சிரிப்புக்காக விரல் கொத்துகிறது! முடிவேயின்றி உருளும் பக்கத்தை 2006-ல் வடித்தவர் அசா ராஸ்கின். படிப்போர்க்கு எளிதாகட்டும் என்றே வடித்தார்; பின்னாளில் அவரே வருந்தினார். வணிகர் வருந்தவில்லை.

அறிவுரை ஏதும் கூறாமல், புறாவின் கதையை மட்டும் அவனிடம் சொன்னேன். நெடுநேரம் கழித்து, "தீனி போடுகிறவனுக்கு என்ன இலாபம், மாமா?" என்றான். அடடா! பல திங்களுக்குப் பின் கேட்ட முதற் கேள்வி! உன் நேரம்தான் சரக்கு, விளம்பரக்காரன் அதற்கு விலை தருகிறான் என்றேன்.

சட்டம் போதுமா? 16 வயது நிரம்பாதோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாதென்று 2011-ல் தடுத்தது தென்கொரியா. பிள்ளைகள் பெற்றோர் பெயரில் நுழைந்தனர். ஆட்டமும் கைப்பேசிக்குத் தாவிற்று. 2021-ல் சட்டத்தைக் கைவிட முடிவாயிற்று. ஆஸ்திரேலியாவிலோ 2025 டிசம்பர் 10 முதல் அதே வயதினர்க்குச் சமூக ஊடகக் கணக்கு இல்லை. மீறினால் தண்டம் பிள்ளைக்கன்று, பெற்றோர்க்கன்று, நிறுவனத்துக்கு! 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை. பலிக்குமா என்பது போகப் போகத் தெரியும். ஆனால் கூண்டைச் செய்தவனைக் கூப்பிட்டுக் கேட்பதே முறை.

எங்கள் தெருப் படிப்பகத்தில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் சதுரங்கமும் சொற்போரும் வைத்திருக்கிறோம். முதற் கிழமை ஈ, காக்கை வரவில்லை. இப்போது நால்வர் வருகின்றனர். கைப்பேசிகள் வாயிலருகே ஒரு மரப்பெட்டியில் கிடக்கின்றன.