பெற்றோரே முதனூல்

மக்களது கல்வி ஏட்டிலே தொடங்குவதாகக் கருதுவோர் பலர். ஏடு கைக்கு வருமுன்னரே குழவி ஒரு நூலை ஓதத் தொடங்கிவிடுகின்றது. அந்நூலுக்கு எழுத்தில்லை, உரையுமில்லை. தந்தையார் நடப்பதும் இருப்பதும், தாயார் பேசுவதும் பேசாதிருப்பதும், வாயிலில் வந்தாரை இருவரும் ஏற்கும் முகமும் அந்நூலின் சூத்திரங்களாம். செவியாற் கேட்ட அறிவுரையைப் பிள்ளை மறத்தலுண்டு. கண்ணாற் கண்ட ஒழுக்கத்தையோ, தான் கற்றதாகவே அது அறியாது. ஆதலின் அதனை மறத்தற்கு வழியுமில்லை.

ஓரூரிலே சமயதீட்சை பெற்ற அன்பர் ஒருவர் உளர். அலுவல் பார்த்துக் குடும்பம் பேணுபவர். பத்து வயது மகனும் ஐந்து வயது மகளும் உடையவர். அந்தியில் விளக்கேற்றியதும் மகனை அழைத்து, ‘நீறு பூசி இருந்து தேவாரம் ஓது’ என்று பணித்தல் அவர் வழக்கம். பணித்தபின் தாம் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பர். மகன் ஓதுவான், ஓத ஓத விரைவு மிகும், பண் தேயும், பதிகம் பாதியிலே முடியும். அன்பர் சினந்து கடிவர். இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பத்தியில்லை என்று மனையாரிடம் சொல்லி வருந்துவர். மனையார் மறுமொழி ஒன்றுங் கூறார்.

ஒரு நாள் மாலை மகள் திண்ணையிலே விளையாடிக்கொண்டிருந்தாள். மரப்பாச்சி யொன்றைச் சுவரிற் சார்த்தி, அதன் நெற்றியில் நீறிட்டு, சிறு அகலொன்றை முன்வைத்து, ‘ஓது’ என்று அதட்டினாள். அதட்டிவிட்டுச் சற்றே தள்ளி அமர்ந்து, உள்ளங்கையில் ஒரு மரச்சில்லை ஏந்தி, அதனைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே தலைநிமிராமலே ‘உரக்க ஓது’ என்றாள். வாயிலில் நின்ற அன்பர் இதனைக் கண்டார். குழந்தை தந்தையை எள்ளி நகையாடினாளல்லள். பூசையென்பது அவ்வாறுதான் நிகழும் என்று உண்மையாகவே எண்ணியிருந்தாள். அதுவே அவர் நெஞ்சைச் சுட்டது.

அன்றிரவு அவர்க்கு உறக்கம் வந்திலது. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய திருத்தொண்டர் புராணத்தை எடுத்து, முன் பன்முறை படித்த அப்பூதியடிகணாயனார் புராணத்தை மீண்டும் படித்தார். முன்னெல்லாம் நாவரசர் நிகழ்த்திய அற்புதத்தையே நோக்கிப் படித்தவர், அன்று இலை கொய்யப் போன மைந்தனை நோக்கிப் படித்தார்.

சோழநாட்டுத் திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரைக் கண்டாரல்லர். அவர் பெருமையைக் கேட்டே அன்பு பூண்டவர். தம் மக்கள் இருவர்க்கும் அத்திருப்பெயரையே மூத்தான் இளையான் என்னும் அடைகொடுத்து இட்டனர். மனையில் உள்ள அளவைகளுக்கும் ஆவினங்களுக்கும் அப்பெயரே. வழிப்போவார்க்கு அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அப்பெயரே. தெருவிற் போவார் நீர் பருகித் தணிவதும் அப்பெயராலே. தாயார் தன்னை உண்ண அழைப்பதும் அப்பெயராலே. இவ்வாறு வளர்ந்த பிள்ளைக்கு அடியார் பெருமையைத் தனியே எடுத்துக் கற்பித்தல் வேண்டுமோ? அஃது அவன் மூச்சுவிடும் காற்றாயிருந்தது.

நாவரசர் அவ்வூர்க்கு எழுந்தருளினர். அடிகள் அவரை இன்னாரென்றறிந்து, உவகை மீதூர்ந்து, திருவமுது செய்விக்க விழைந்தனர். உணவு சமைந்தது. வாழைக்குருத்து அரிந்துவர மூத்த திருநாவுக்கரசு தோட்டத்துக்கு ஏவப்பட்டான். பெரியார்க்குப் பணிசெய்யப் பெற்றேமென்று மகிழ்ந்து விரைந்தவன் குருத்தை அரியும் போழ்து, பாம்பொன்று அவன் கையிலே தீண்டியது. விடம் தலைக்கேறுமுன் இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும் என்பதே அவன் நினைவு. தீண்டிய செய்தியை வெளியிட்டால் அடியார் அமுது செய்தற்கு இடையூறாகும், ஆதலின் ஒருவர்க்கும் உரையேன் என்று துணிந்து ஓடிவந்தான், இலையைத் தாயார் கையிற் சேர்த்தான், வீழ்ந்தான்.

அடுத்து நிகழ்ந்ததை ஊன்றி நோக்குதல் வேண்டும். மகன் இறந்தமை கண்ட பெற்றோர், இது வெளிப்படின் அடியார் அமுது செய்யார் என்று கருதி, உடலை மறைத்துவைத்து, முகமலர்ந்து அடிசில் படைக்க முற்பட்டனர். மைந்தன் மறைத்த காரணம் யாதோ, அதுவே பெற்றோர் மறைத்த காரணமும். இவர்கள் தம்முள் கலந்தாராய்ந்ததில்லை, அதற்குப் பொழுதுமில்லை. தந்தையும் தாயும் மகனும் வெவ்வேறிடத்தில், வெவ்வேறு நொடியில், ஒரே செயலைச் செய்தனர். இடுக்கண் வந்தால் இதனைச் செய்க என்று தந்தையார் கற்பித்ததாகப் புராணங் கூறவில்லை. கற்பித்திருந்தாலும் விடமேறும் நொடியில் அக்கல்வி எழுந்து உதவுமோ? தன்னலத்தைப் பின்வைத்து விருந்தினரை முன்வைக்கும் ஒழுக்கத்தை அவன் நாடோறும் தன் மனையிலே கண்டிருந்தான். நாடோறுங் கண்டதே அந்நொடியில் எழுந்தது.

அற்றேல், பெற்ற மகன் பிணமாய்க் கிடப்ப விருந்தோம்பல் வன்னெஞ்சமன்றோ எனின், அன்று. நாவரசர் அமுது செய்யுமுன் திருநீறு அளிக்கக் கருதி மூத்த மைந்தனை வினவியபோது, அடிகள் அவன் அவ்வேளை உதவாத நிலையைக் குறித்தாரேயன்றி, அயலூர் சென்றானென்றோ பிறிதொன்றோ புனைந்துரைத்தாரல்லர். அருளாளர் திருவுள்ளம் அவ்விடையை ஏலாது தடுமாறி உண்மையை வினவ, நிகழ்ந்தது விளங்கிற்று. அவர் வெறுங் கையராய் அவ்வுணவை உண்ண ஒருப்பட்டிலர். உடலைத் திருக்கோயில் முன்னர்க் கொணர்வித்துப் பதிகம் பாடினர். மைந்தன் உயிர்பெற்று எழுந்தான். அந்நிலையிலும் பெற்றோர் மகன் பிழைத்த மகிழ்ச்சியினும், அடியார் அமுது செய்தற்குத் தாழ்த்ததே என்னும் வருத்தத்தையே மிகக் கொண்டனர் என்பர் சேக்கிழார். ஈண்டுக் கைக்கொள்ளத் தக்கது பிணத்தை மறைத்த செயலன்று; எதனை முன்வைத்து எதனைப் பின்வைத்தல் என்னும் அன்பின் முறைமையேயாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையைக் காட்டும். பிறந்த குழவி முதற்கண் சார்வது பெற்றோரையே. ஆதலின் அடியாரிணக்கம் என்னும் பெரும்பேறு திருக்கோயிலிலும் மடத்திலும் தொடங்குதற்கு முன்னர் வீட்டுக் கூடத்திலே தொடங்கவேண்டியதாயிற்று.

தாய்தந்தையரை இளமையிலேயே இழந்தார்க்கு யாது செய்வதெனின், திலகவதியம்மையார் வரலாறு விடைகூறும். திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் மறைந்தபின், தமக்கு மணம்பேசப்பட்ட கலிப்பகையாரும் போரிலே பட, அம்மையார் தம்பியின் பொருட்டே உயிர்தாங்கினர். அத்தம்பியோ சமணஞ் சார்ந்து தருமசேனரென்னும் பெயர் பூண்டு பாடலிபுத்திரத்தில் தங்கினர். அம்மையார் அங்குச் சென்று வாதிட்டதில்லை. திருவதிகை வீரட்டானத்திலே திருவலகிட்டும் திருமெழுக்கிட்டும் மாலை தொடுத்தும் தம் தொண்டைத் தொடர்ந்தனர். தம்பிக்காக இறைவனை வேண்டினர். சூலைநோய் வருத்த அவர் இரவிலே மீண்டுவந்தபோது, திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றனர். பின்னர் நாவரசர் கையிலே உழவாரம் விளங்கியதை உலகறியும். தமக்கையாரது திருவலகுக்கும் தம்பியாரது உழவாரத்துக்கும் உள்ள தொடர்பு உய்த்துணரத் தக்கது. பல்லாண்டுகள் பயனின்றிப் போனதாகத் தோன்றிய எடுத்துக்காட்டு பயனின்றிப் போகவில்லை.

தந்தை பிழைபடினும் பிள்ளை உய்தலுண்டு. சேய்ஞலூர் விசாரசருமர்க்குத் தந்தையாகிய எச்சதத்தனே பூசைக்கு இடையூறாயினன். இறைவன் தானே தந்தையாகி அவரை ஆட்கொண்டான். ஆயினும் இறைவன் காப்பானென்று கூறித் தம் கடனைக் கைவிடல் பெற்றோர்க்கு அழகன்று.

பொழுது புலர்ந்தது. அன்பர் வீட்டாரை அழைத்து உறுதிமொழி ஒன்றுங் கூறிற்றிலர். அன்று அந்தியில் கைப்பேசியை உள்ளறைப் பேழையிலே வைத்துப் பூட்டினர். கைகால் கழுவி நீறணிந்து, தாமே விளக்கின்முன் அமர்ந்து ஒரு பதிகத்தை மெல்ல ஓதினர். மகனை அழைக்கவில்லை. மகன் வியந்து நோக்கி, அழைப்பில்லாமை கண்டு மகிழ்ந்து விளையாடப் போயினன். மறுநாளும் அவ்வாறே. ஒரு திங்கள் கழிந்தது. அழைக்க வேண்டுமென்று நா எழுந்தபோதெல்லாம் அவர் தம்மைத் தாமே அடக்கினர். கடிதலினும் காத்திருத்தல் அரிதென்பதை அப்பொழுதே உணர்ந்தனர். சில நாள் மகள் மட்டும் வந்து அருகிலிருந்து உறங்கிப்போவாள்.

மற்றொரு நாள் அன்பர் காய்ச்சலாற் படுத்திருந்தனர். அந்தி வந்தது, மனையார் விளக்கேற்றினர். விளக்கின்முன் இருக்கை வெறிதாய்க் கிடந்தது. சிறிது பொழுதிற்குப்பின் அவ்வறையிலிருந்து ஓதும் ஓசை எழுந்தது. மகன் தந்தையார் இருக்கையிலே அமர்ந்து, அவர் நிறுத்துமிடத்தில் நிறுத்தி, அவர் நீட்டுமிடத்தில் நீட்டி ஓதிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் தந்தையார் நாடோறும் பிழைபட ஓதும் ஒரு சொல்லையும் அவ்வாறே பிழைபட ஓதினான்.

படுக்கையிலிருந்த அன்பர்க்கு உவகையும் நாணமும் ஒருங்கே தோன்றின. காய்ச்சல் தணிந்தபின் அவர் முதலிற் செய்தது, ஓதுவார் ஒருவரை அடைந்து அச்சொல்லைத் தாம் திருத்திக்கொண்டதாம்.