ஹீட் பம்பும் ஒரு துடைப்பமும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டி இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே ஏராளமான வீடுகளின் நிலவறையில் எண்ணெய் பாய்லர்தான். எண்ணெய் விலை ஏறினால் வீட்டு பட்ஜெட் காலி. 2019-ல் ஆளுநர் ஜேனட் மில்ஸ், 2025-க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று இலக்கு வைத்தார். 2023-லேயே எட்டிவிட்டார்கள்.

ஹீட் பம்ப் வேறொன்றுமில்லை, ஸ்பிளிட் ஏசி தலைகீழாக ஓடுகிறது, அவ்வளவுதான். வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும். (உறைகிற காற்றில் ஏது வெப்பம் என்கிறீர்களா? ஐஸ் பெட்டிக்குள் இருந்தும்தானே ஃப்ரிட்ஜ் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுகிறது!) மிதமான குளிரில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கொள்ளை லாபம். குளிர் ஏற ஏற அது குறையும். அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அழுக்கு ஃபில்டராலும் அடைத்த பனியாலும் போகிற லாபம் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

முதல் பனிக்கு முன்பே வெளி யூனிட்டைச் சுற்றி விழுந்த இலைகளைக் கூட்ட வேண்டும். பனி குவியும் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டில் அது நிற்கிறதா, கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக அதன் தலையில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டினால் அதுவே பனிக்கட்டியாகி விசிறியைப் பிடித்துக்கொள்ளும். பனி விழுந்தபின் மெல்லிய துடைப்பம் போதும். கத்தி, சுத்தியல் கூடவே கூடாது. தகடுகள் நசுங்கும், குழாய் ஓட்டையானால் செலவு பெரிது. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஓட்டுவதும் வேண்டாம், அது மூச்சை அடைப்பது மாதிரி.

இன்னொன்று. திடீரென்று விசிறி நின்று வெளி யூனிட்டில் ஆவி கிளம்பும். புகை என்று பதறி அணைத்துவிடுகிறார்கள். தன் மேல் படிந்த உறைபனியை அது தானே உருக்கிக்கொள்கிறது. சில நிமிடம் விட்டால் சரியாகிவிடும்.

பலர் கோட்டை விடுவது நிலவறையில். ஹீட் பம்ப் ஹாலைச் சூடாக வைத்திருப்பதால், அதே ஹாலில் இருக்கும் பாய்லரின் தெர்மோஸ்டாட் 'சூடு போதும்' என்று சும்மா இருந்துவிடும். கீழே தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும்! கடுங்குளிர் நாட்களில் பாய்லரையும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். எண்ணெய் மிச்சம் பிடிக்கப்போய் பிளம்பருக்குக் கொடுப்பானேன்?

கரண்டே போய்விட்டால்? 1998 ஜனவரியில் உறைமழை பெய்து கம்பிகள் அறுந்ததில், மெய்னில் லட்சக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தார்கள். ஹீட் பம்ப் மட்டுமில்லை, பாய்லருக்கும் கரண்டு வேண்டும். அதனால் பழைய விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் அதைக் கழற்றிப் போடாமல், புகைபோக்கியைச் சுத்தம் செய்து, காய்ந்த விறகும் அடுக்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.