அப்பாவின் காதுக்கு ஒரு தியேட்டர்

நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். என் மகன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதுல ஹோம் தியேட்டர் வராதுப்பா. ஹோம் டூரிங் டாக்கீஸ் வேணா கட்டலாம்." அவன் மனதில் இருந்தது 65 அங்குல டி.வி., அறையைச் சுற்றி ஸ்பீக்கர்கள், தரையை அதிர வைக்கும் ஒரு சப்-ஊஃபர். என் மனதில் இருந்தது அப்பாவின் காது.

அப்பாவுக்கு 84 வயது. 1962-ல் மன்னார்குடியிலிருந்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்ட்டிபிகேட்டுகளுடன் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். டல்ஹவுசி சதுக்கத்தில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து 1999-ல் ஓய்வு பெற்றார். இத்தனை வருடத்தில் வங்காளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் சினிமா மட்டும் தமிழில்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஞாயிறு காலைக் காட்சியாக எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் வரும். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். எல்லா மொழிகளும் ஒரு சுற்றுச் சுற்றி நம் முறை வர மாதக்கணக்கில் ஆகும். அன்று லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சமையல் சீக்கிரமே முடிந்துவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மா போனாள். அதன் பிறகுதான் அப்பாவுக்குக் காது மந்தமாகியிருப்பதைக் கவனித்தோம். அதுவரை அம்மாதான் எல்லாவற்றையும் அவருக்கு இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். "இப்ப நடிக்கிறவங்க எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்று அப்பா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார். கீழ்வீட்டு மாஷிமா படியேறி வருவார். அப்பா கோபித்துக்கொண்டு டி.வி.யை நிறுத்திவிடுவார். நாளடைவில் எங்களோடு பேசுவதும் குறைந்தது. சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல். உப்பு போதுமா என்று கேட்டாலும் தலையாட்டல். ஊருக்குப் போய் வரலாமா என்று கேட்டாலும் தலையாட்டல்.

காது டாக்டர் ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். தாழ்ந்த ஒலிகளில் கோடு ஓரளவு நேராகப் போகிறது. 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவு போல விழுகிறது. முதுமையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டுபவை பெரும்பாலும் மேல் ஒலிகள். அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. 'பாட்டு' என்றால் 'காட்டு' என்று விழும். சத்தத்தைக் கூட்டினால் 'ஆ'வும் 'உ'வும்தான் பெரிதாகும். காதுக்கருவி வாங்கினோம். அது மேஜை இழுவையில், அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. தட்டு, டம்ளர் சத்தமெல்லாம் இடி மாதிரி கேட்கிறதாம்.

எனவே என் திட்டம் திரையிலிருந்து தொடங்கவில்லை. 2014-ல் வாங்கிய 40 அங்குல டி.வி. நன்றாகவே இருக்கிறது, அதுவே போதும் என்று முடிவு செய்தேன். பட்ஜெட்டில் பாதியை விழுங்கியிருக்கக்கூடிய செலவு அப்படி நீங்கியது. மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்தது அறை. எங்களுடையது பழைய வீடு. பன்னிரண்டு அடி உயரக் கூரை, சிவப்பு சிமெண்ட் தரை, வெற்றுச் சுவர். நடுவில் நின்று கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் மோதி வால் நீட்டிக்கொண்டு போகும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழும் அறையில் எந்த ஸ்பீக்கரை வைத்து என்ன பயன்? பெட்டியில் கிடந்த பவானி ஜமக்காளங்கள் இரண்டை எடுத்து ஒன்றைத் தரையில் விரித்தோம். இன்னொன்றை மடித்துப் பின்சுவரில் தொங்கவிட்டோம். வங்காளிகள் குளிர்காலத்தில் போர்த்தும் லேப் என்ற கனத்த பஞ்சு மெத்தைப் போர்வை ஒன்று அதன் பின்னால் போனது. அம்மா பைண்ட் செய்து வைத்திருந்த தொடர்கதைகள் அலமாரியோடு பக்கச் சுவருக்கு வந்தன. கை தட்டினால் இப்போது வால் பாதியாகிவிட்டது.

அப்பாவின் நாற்காலியைப் பன்னிரண்டு அடியிலிருந்து ஆறு அடிக்கு இழுத்துப் போட்டோம். தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி ஆறு டெசிபல் கூடும்; எதிரொலி அப்படிக் கூடாது. அறை வேலையில் ஆணிகள் தவிர ஒன்றும் வாங்கவில்லை.

பிறகு சாந்தினி சௌக். டெல்லியில் இருப்பதல்ல, எங்கள் ஊர் சாந்தினி. சென்னைவாசிக்கு ரிச்சி தெரு எப்படியோ, கொல்கத்தாக்காரனுக்கு இது அப்படி. மெட்ரோ ஸ்டேஷனை விட்டு மேலே வந்தால் ஒயர், விளக்கு, ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், புதியது, பழையது, பழையதைப் புதியதாக்கியது எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் உங்களை "தாதா" என்பார். வங்காளத்தில் அது அண்ணன். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் சில வருடங்கள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

இங்கே ஒரு தெருவின் பெயர் மதன் தெரு. ஜம்ஷெட்ஜி ஃபிராம்ஜி மதன் என்ற பார்சிக்காரரின் பெயர் அது. 1902-ல் கல்கத்தா மைதானத்தில் கூடாரம் அடித்து பயாஸ்கோப் காட்டத் தொடங்கியவர். 1907-ல் எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அவர் தொடங்கிய கம்பெனி பிற்பாடு இந்தியா, பர்மா, இலங்கை என்று நூற்றுக்கும் மேற்பட்ட தியேட்டர்களை வைத்திருந்தது. அவர் 1923-ல் காலமானார். 1920-களின் இறுதியில் ஹாலிவுட்டின் பேசும் படம் இந்தியாவுக்கு வந்தபோது ஒலித்ததும் அதே எல்பின்ஸ்டனில்தான். அந்தக் கட்டிடம் கடைசியில் சாப்ளின் என்ற பெயரோடு பாழடைந்து, 2013-ல் இடிக்கப்பட்டது. மதராஸில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ இல்லாத நாளில் தமிழ்ப் பட முதலாளிகள் நடிகர்களை ரயிலேற்றிக் கூட்டி வந்ததும் இந்த ஊருக்குத்தான். மகனிடம் சொன்னேன்: "மதனும் டூரிங் டாக்கீஸ்லதாண்டா ஆரம்பிச்சார்."

சாந்தினியில் வாங்கியவற்றில் முக்கியமானது 11,000 ரூபாய்க்குக் கிடைத்த, பழைய ஜப்பானிய ரிசீவர். டி.வி.க்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உட்கார்ந்து ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பழைய ரிசீவர் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளையிலும் கேபிளைச் செருகிப் பார்க்க வேண்டும். முதலில் சாவது அவைதான். அடுத்து நடு ஸ்பீக்கர், 7,000. இது மட்டும் புதியது. டால்பியின் ஆறு தடங்களில் ஐந்து சுற்றிலும், ஒன்று அடி ஒலிக்கு. வசனம் பெரும்பாலும் வருவது நடுத்தடத்தில். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கர்களில் வசனம், வாத்தியம், வெடிச்சத்தம் எல்லாம் ஒரே குவளையில் கலக்கப்படுகின்றன. தனி நடு ஸ்பீக்கர் இருந்தால் வசனத்தை மட்டும் தூக்கலாம். இடது வலதுக்குப் பழைய ஜோடி ஒன்று 8,000. பின்பக்க ஸ்பீக்கர்கள் இல்லை. சப்-ஊஃபரும் இல்லை. அப்பாவின் காதுக்கு அது எதிரி, மாஷிமாவின் கூரைக்கும்.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அலுவலகங்கள் கழித்துப் போடும், ஒரு தடித்த அகராதி அளவே இருக்கும் குட்டி கம்ப்யூட்டர்கள் சாந்தினியில் குவிந்து கிடக்கின்றன. இன்டெல்லின் ஆறாம் தலைமுறையா, ஏழா என்று கேட்டு வாங்குவது நல்லது. இப்போதைய உயர்தர வீடியோக்களில் பல பத்து பிட் வகை. ஏழாம் தலைமுறைச் சிப் அதை வன்பொருளிலேயே அவிழ்த்துவிடும்; ஆறாவது திணறும். 9,500-க்கு ஏழாவது கிடைத்தது. அதில் லிப்ரெஎலெக் என்ற இலவச மென்பொருளை ஏற்றினோம். சுவிட்சைப் போட்டால் விண்டோஸ், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் நேரே கோடி என்ற படப் பட்டியலுக்குப் போய்விடும். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் அது. 2014-ல் பெயர் மாறியது. அப்பாவுக்கு அது கோடி ரூபாய் கோடியா, தெருக்கோடியா என்று சந்தேகம்.

இதில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கட்டணம் கட்டிப் பார்க்கும் தளங்கள் பல, இம்மாதிரிக் கம்ப்யூட்டரில் முழுத் தெளிவோடு படம் காட்டுவதில்லை. காப்புரிமைப் பூட்டு அப்படி. அவற்றுக்கு வீட்டில் ஏற்கனவே இருந்த விரல் நீளக் குச்சியைத்தான் ரிசீவரில் செருகினோம். அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு?

அப்பாவின் தட்டுகளுக்காக. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது நினைவிருக்கும். அப்பா சென்னை போகும்போதெல்லாம் அந்தத் தட்டுகளும் மற்ற கம்பெனிகளின் தட்டுகளுமாக வாங்கி வருவார். மொத்தம் 143. கொல்கத்தாவின் ஜூலை மாதம் எந்தக் கம்பெனியின் தட்டையும் விட்டுவைப்பதில்லை, பூஞ்சை பிடிக்கிறது. ஓடக்கூடிய பிளேயரும் வீட்டில் இல்லை. தட்டுகளை மிதமான சோப்பு நீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்து, 5,500 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு டெராபைட் டிரைவில் மகன் ஒவ்வொன்றாக ஏற்றினான். டி.வி.டி. ஒன்று அதிகபட்சம் எட்டரை கிகாபைட்; பாதி டிரைவ்கூட நிரம்பவில்லை. பதினொன்று தேறவில்லை. கேபிள்கள், டி.வி.டி. டிரைவ், பெரிய பொத்தான் ரிமோட் எல்லாம் இரண்டாயிரத்துக்குள். மொத்தம் 43,000.

பழைய படங்களில் ஒரு சிக்கல். அவை ஒற்றை ஒலிக்காலத்துப் படங்கள், டி.வி.டி.யில் அதே ஒலி இடதிலும் வலதிலும் இருக்கும், நடு ஸ்பீக்கர் சும்மா இருக்கும். ரிசீவரில் புரோ லாஜிக் என்ற பொத்தானை அழுத்தினால், இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதை எடுத்து நடுவுக்கு அனுப்பிவிடுகிறது. நடு ஸ்பீக்கரை ஐந்து டெசிபல் உயர்த்தி, பாஸைக் குறைத்து, ஒரு சனிக்கிழமை மாலை 'காதலிக்க நேரமில்லை' போட்டோம். 1964 படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகன் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் காட்சி அவருக்கு மனப்பாடம். சில இடங்களில் நாகேஷ் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிட்டார். கேட்டுச் சிரித்தாரா, நினைத்துச் சிரித்தாரா? அவர் பார்த்திராத படம் வேண்டும்.

மறுநாள் 'மெய்யழகன்' போட்டேன். 2024-ல் வந்தது. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், பல வருடங்கள் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குத் திரும்புகிறார். அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, தாழ்ந்த குரல் பேச்சுதான். இதற்குக் கம்ப்யூட்டர் உதவவில்லை; குச்சிதான். ரிசீவரில் ராத்திரி நேர வசதி ஒன்று உண்டு. பெரிய சத்தங்களை அமுக்கிச் சிறியவற்றை உயர்த்தும். அதையும் போட்டேன். ஆங்கில வரிகளை நிறுத்தினேன், அவர் படித்துவிடக் கூடாதே.

முதல் அரை மணி நேரம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிச்சனில் குக்கர் விசிலடித்தபோது எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். அது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு திடீரென்று கையை உயர்த்தினார். "நிறுத்து."

நிறுத்தினேன். கேட்கவில்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீடாமங்கலத்துல எறங்கித்தான் மன்னார்குடிக்கு வண்டி மாறணும்" என்றார். "கல்கத்தா புறப்பட்ட அன்னிக்கு எங்கப்பா அது வரைக்கும் கூட வந்தார். பிளாட்பாரத்துல காபி வாங்கிக் குடுத்தார். வண்டி நகர்றப்போ என்னவோ சொன்னார். இன்ஜின் சத்தத்துல காதுல விழல."

அவர் அப்பாவைப் பற்றி எங்களிடம் இவ்வளவு பேசியதே இல்லை. மகன் ஜமக்காளத்தில் நகர்ந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன சொல்லியிருப்பார் தாத்தா?" என்று கேட்டான். சாதாரணக் குரலில்தான் கேட்டான். தாத்தா தலையாட்டவில்லை, பதில் சொன்னார். அது சாப்பாட்டு நேரம் வரை நீண்டது.

படம் பாதியில் நிற்கிறது. வருகிற சனிக்கிழமை மாஷிமா உத்தம் குமார் படம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தட்டு அவரிடமே இருக்கிறதாம், கழுவ வேண்டியிருக்கும்.