படத்தில் இல்லாதவை: ஒரு லெந்துகாலப் பயணத்தின் நாட்குறிப்பு

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு கிறிஸ்தவர் பழைய ஆலயங்களைத் தேடிப் பயணம் போகும்போது, இருவேறு பார்வைகளுக்கு நடுவில் நிற்க வேண்டியவராகிறார். கேமராவுக்கு ஒளி விழுந்த பரப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. விசுவாசமோ, எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பதினோராம் அதிகாரம் வரையறுப்பதுபோல, காணப்படாதவற்றைப் பற்றிக்கொண்டு நிற்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா, அல்லது ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்க ஏதேனும் இருக்கிறதா என்ற கேள்வியோடு 2024ஆம் ஆண்டின் லெந்து காலத்தில் எழுதப்பட்டவை இக்குறிப்புகள். லெந்து என்பது சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை, ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாட்கள், நோன்புக்கும் மனந்திரும்புதலுக்கும் திருச்சபை ஒதுக்கியிருக்கும் காலம். கத்தோலிக்கர் இதனைத் தவக்காலம் என்பர்.

பிப்ரவரி 23, வெள்ளி. தரங்கம்பாடி

சீகன்பால்கு மறைந்த நாள் இது. 1706 ஜூலையில் புளூட்சோவுடன் இங்குக் கரையிறங்கிய அந்த ஜெர்மானிய லுத்தரன் அருட்பணியாளர், 1719இல் இதே தேதியில் தம் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஆலயத்தில் அவர் ஆராதனை நடத்தியது சில மாதங்களே. பலிபீடத்தின் ஒரு பக்கம் அவரும், மறுபக்கம் அவருடைய உடன் ஊழியரும் 1720இல் மறைந்தவருமான க்ரூண்ட்லரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

ஆலய முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முடியும் எழுத்துச் சின்னமும் சுதையில் புடைத்து நிற்கின்றன. பக்கவாட்டிலிருந்து வெயில் சாய்வாக விழும் வேளையில் அந்தச் சின்னத்தின் விளிம்புகள் நிழல் பெற்று எழுந்து வருகின்றன. நேர் வெயிலில் அவை சுவரோடு சுவராகத் தட்டையாகிவிடுகின்றன. படமெடுப்போர் வழக்கமாக நிற்பது இந்த முகப்பின் முன்னால்தான். ஆனால் இந்த ஊரின் விசுவாச வரலாற்றில் முதன்மை பெற வேண்டிய கட்டடம் இதுவன்று. 1707இல் தமிழ்ச் சபைக்கென எழுந்த முதல் எருசலேம் ஆலயம் இன்று இல்லை. தமிழ் கற்று, டேனிஷ் தளபதியின் பகையால் டேன்ஸ்போர்க் கோட்டையில் மாதக்கணக்கில் சிறையிருந்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்த ஒருவருடைய தொடக்க ஆண்டுகள் அந்த மறைந்த ஆலயத்தோடு சேர்ந்தவை. அரசமுடி தாங்கிய முகப்பு நன்றாகப் படத்தில் விழுகிறது. முதல் ஆலயத்துக்குக் கேமராவின் முன் நிறுத்த ஒரு செங்கல்கூட இல்லை. இந்தப் பயணம் முழுவதற்குமான கேள்வி இங்கே பிறந்தது எனலாம்: இல்லாமற்போன ஒன்றை, அல்லது வேண்டுமென்றே நீக்கப்பட்ட ஒன்றை, ஒரு புகைப்படம் எப்படிச் சொல்லும்?

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு. மெஞ்ஞானபுரம்

இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததை நினைவுகூரும் இந்நாளில் சபையார் ஓலை ஏந்திப் பவனி வருவார்கள். தென்னை மிகுந்த ஊர்களில் தென்னங்குருத்து. இந்தச் செம்மண் தேரிப் பகுதியிலோ பனங்குருத்து. தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. அருட்பணியாளர் ஜான் தாமஸ் ஐயர் இந்த மணல்வெளியில் எழுப்பிய தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம், நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். அதைப் பற்றி இதற்குமேல் எழுதத் தோன்றவில்லை, ஏனெனில் அன்று காலை கவனம் முழுவதையும் ஒரு சிறுமியின் விரல்கள் பிடித்துக்கொண்டன.

ஆலய வாசற்படியில் உட்கார்ந்து அவள் குருத்தைக் கிழித்துச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தாள். வெளிறிய மஞ்சள் நிறத்து இளம் ஓலையின் நடு ஈர்க்கைப் பல்லால் கடித்து நீக்கி, ஒரு கீற்றை மற்றொன்றின் மேல் குறுக்கே மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடுதான் ஓலை திரும்ப விரியாமல் பிடித்து வைக்கிறது. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில், துளையை எஃப் 2.8 அளவுக்குத் திறந்து, நகக்கோடு மட்டும் துலக்கமாகவும் மற்றவை மங்கலாகவும் விழும்படி எடுக்கப்பட்ட படம் அது. துளை என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாய். அது அகலமாகத் திறக்குமளவுக்குத் துலக்கமாகத் தெரியும் ஆழம் குறையும். ஒன்றைத் தெளிவாகக் காண மற்றவற்றை விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் லெந்து நோன்பின் பயிற்சி அப்படியே இருக்கிறது என்று குறிப்பாளருக்குத் தோன்றியது. ஓலை அடுத்த ஆண்டுக்குள் உலர்ந்துவிடும். பல சபைகளில் அப்படி உலர்ந்ததை எரித்த சாம்பலே சாம்பல் புதனன்று நெற்றியில் இடப்படுகிறது.

மார்ச் 26, செவ்வாய். இடையன்குடி

அருட்பணியாளர் கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய ஊர். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது என்பதைத் தமிழ் படித்த அனைவரும் அறிவர். அந்நூலாசிரியர் தம் ஊரின் தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க முப்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1847இல் அடிக்கல், 1880இல் பிரதிஷ்டை. இடையில் ஒப்பிலக்கணமும் பள்ளிகளும் பஞ்சமும் ஆயர் பட்டமும் வந்து சேர்ந்தன, ஆலயமோ வளர்ந்துகொண்டே இருந்தது. 1891இல் கொடைக்கானலில் இறந்த அவருடைய உடல் இங்கே கொண்டுவரப்பட்டு இந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் மனைவி எலைசாவும் பின்னர் அருகே அடக்கமானார். இவ்வூர்ப் பெண்களுக்குப் பின்னல் வேலையையும் எழுத்தையும் கற்றுக்கொடுத்தவர் எலைசா; கால்டுவெல்லுக்குச் சிலைகள் பல இருக்க, எலைசாவின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

நண்பகலில் இங்கே படமெடுப்பது கடினம். செம்மணலில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்து மேலாக ஏறி, நிற்பவர்களின் தாடைக்கும் வெள்ளை வேட்டிக்கும் சிவப்பேற்றுகிறது. வெண்சமநிலை என்னும் ஏற்பாட்டால், அதாவது வெள்ளையை வெள்ளையாகவே பதிவுசெய்யக் கேமராவுக்குச் சொல்லும் முறையால், அந்தச் சிவப்பை நீக்கிவிடலாம். நீக்காமல் விடுவதே சரி என்று முடிவாயிற்று. இந்த மண்ணின் நிறம் இங்கு வாழ்ந்தவர்கள் அனைவர் மேலும் படிந்த நிறம். நொடியின் சிறு பின்னத்தில் எடுக்கப்படும் படம் முப்பத்துமூன்று ஆண்டுப் பொறுமையைக் காட்டாது என்பது வெளிப்படை. ஆயினும் கல்லை நெருங்கி, ஒரு வரிசையின் உளிவேலையும் அடுத்த வரிசையின் உளிவேலையும் எங்கே வேறுபடுகின்றன என்று தேடிப் பார்க்கும் கண், அந்த ஆண்டுகளை மதிக்கத் தொடங்கியிருக்கிறது.

மார்ச் 28, பெரிய வியாழன். வடக்கன்குளம்

1745இல் நீலகண்ட பிள்ளை என்பவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இவ்வூரில். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சாதி மேலாண்மையை உதறி, எல்லாருடனும் அமர்ந்து உண்டு, அதற்காகவும் துன்புறுத்தப்பட்டு உயிர்நீத்தவர் என்று திருச்சபை போற்றும் ஒருவருடைய ஞானஸ்நான ஊரில், அவர் மறைந்து நூறாண்டுக்கும் மேலான பின் எழுந்த ஆலயத்தின் அமைப்பு ஒவ்வொரு கிறிஸ்தவரும் நின்று பார்க்க வேண்டியது. 1872இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு நெடுங்கூடம் ஒன்றல்ல, இரண்டு. நெடுங்கூடம் என்பது வாசலிலிருந்து பலிபீடம் வரை மக்கள் அமரும் நீண்ட பகுதி. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல அவை விலகிப் பிரிந்து பலிபீடத்தில் மட்டும் ஒன்றுசேர்கின்றன. ஒரு கூடம் வெள்ளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. ஒரே திருப்பலி, ஒரே குரு, ஒரே அப்பம். ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்கத் தடுப்பு.

1910இல் தடுப்புகள் இடித்து அகற்றப்பட்டன. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் ஒரு சாதியாருக்குத் தனியிட உரிமை உண்டு என்ற வாதம் அங்கு நிலைக்கவில்லை. ஆனால் சுவரை இடிக்கலாம், கோணத்தை இடிக்க முடியாது. கூடங்கள் பிரிந்தே நிற்கின்றன.

இந்தக் கோணம் படமெடுப்பவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது. வலப்புறக் கூடத்தின் பின்வரிசையில் முக்காலியை நிறுத்தினால் இடப்புறக் கூடத்து மக்கள் படத்தில் இல்லை. இடப்புறம் போனால் வலப்புறத்தார் இல்லை. எவ்வளவு அகன்ற கோண லென்ஸைப் பொருத்தினாலும் மக்கள் உட்காரும் இடத்திலிருந்து முழுச் சபையும் ஒரே சட்டகத்துக்குள் வராது. இரு கூடங்களும் ஒருசேரத் தெரியும் இடம் ஒன்றுதான், அது பலிபீடம். கிறிஸ்துவின் பந்தி பரிமாறப்படும் இடத்திலிருந்து பார்த்தால் சபை ஒன்றாகத் தெரிகிறது; தன் இருக்கையிலிருந்து பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பாதி மறைந்திருக்கிறது. கட்டியவர்கள் இப்படி ஒரு விளக்கவுரையைக் கல்லில் எழுத எண்ணியிருக்க மாட்டார்கள். எனினும் எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் பேசும் நடுச்சுவரின் தகர்ப்புக்கு இதைவிடக் கூர்மையான விரிவுரை குறிப்பாளர் அறிந்தவரை வேறு எங்கும் இல்லை.

பெரிய வியாழன் திருச்சடங்கில் குரு பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறார். இயேசு தம் சீடருக்குச் செய்ததன் நினைவு இது. 2016 முதல் இச்சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ள ரோமை அனுமதித்திருக்கிறது. பாதம் கழுவும்போது ஒரு படமும் எடுக்கப்படவில்லை. வெடித்த குதிகாலை இன்னொருவர் கையில் கொடுத்து அமர்ந்திருப்பவருடைய கூச்சம் அவருக்கும் ஆண்டவருக்கும் உரியது. அதன்மேல் லென்ஸைத் திருப்பும் உரிமை எந்தப் பொழுதுபோக்குக்கும் இல்லை.

மார்ச் 29, புனித வெள்ளி

தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகள் தியானிக்கப்படும். கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை.

மார்ச் 30, புனித சனி. டோனாவூர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுப் பக்கம், 1901 முதல் ஏமி கார்மைக்கேல் அம்மையார் பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்த ஊர். கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்தவர்களும் கைவிடப்பட்டவர்களுமான அக்குழந்தைகளின் கதையை வெளியுலகுக்குக் கொண்டுசென்றதில் புகைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1909இல் வெளிவந்த ‘லோட்டஸ் பட்ஸ்’ நூலில் உதகமண்டலத்தில் தொழில் நடத்திய பென் என்பவர் எடுத்த குழந்தைப் படங்கள் நிறைந்திருக்கின்றன. சிரிக்கும் குழந்தை, சிணுங்கும் குழந்தை, பொம்மையை இறுக்கிக்கொண்ட குழந்தை என்று ஒவ்வொருவரும் தனித்த ஆளாக அவற்றில் தெரிகிறார்கள். பரிதாபத்தைத் தூண்டி நன்கொடை திரட்டும் படங்கள் மலிந்த அக்காலத்தில் இது எளிய செயலன்று. குழந்தைகளைப் படமெடுக்கும் அறம் பற்றி இன்று நடக்கும் விவாதங்களுக்கு அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பது பயன் தரும்.

அத்தனை குழந்தைகளின் முகங்களைப் பதிவுசெய்ய இடங்கொடுத்த அம்மையார், 1951 ஜனவரியில் இறக்கும் முன், தம் கல்லறையின் மேல் கல் வைக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். வளர்ந்த பிள்ளைகள் அதை மதித்தார்கள். கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் நீரருந்தும் தொட்டியொன்றை அங்கு வைத்து, ‘அம்மா’ என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள். அவர் பெயர் இல்லை, பிறந்த ஆண்டு இல்லை, சாதனைப் பட்டியல் இல்லை. தரங்கம்பாடியில் எழுந்த கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. வைக்கப்படாத கல்லைப் படமெடுக்க முடியாது. அது வைக்கப்படாததால் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த நீரைப் படமெடுக்கலாம்.

மார்ச் 31, ஈஸ்டர். மணப்பாடு

கடலுக்குள் நீளும் மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அதன் கீழே, 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கி ஜெபித்ததாகப் பரதவர் போற்றும் குகை. சூரியன் எழும் நேரத்தில் கடற்பக்கம் வானம் மிகுந்த வெளிச்சமும் குகைவாய் முழு இருளுமாக இருந்தது. ஒளிக்கு அளவு வைத்தால் குகை கருந்துளையாகும். இருளுக்கு அளவு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் இதே சிக்கலைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. உயிர்த்தெழும் கணத்தை அந்நூல் காட்டவே இல்லை. காட்டுவதெல்லாம் கல்லறைக்குள் கிடந்த துணிகளை. அவற்றிலும் தலையைச் சுற்றியிருந்த துணி மற்றவற்றோடு சேராமல் தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை. இல்லாத உடலுக்குச் சான்றாக ஒரு துணியின் மடிப்பை இவ்வளவு அருகில் சென்று பார்த்த அந்தக் கண்ணுக்குப் படமெடுப்போர் அனைவரும் கடன்பட்டவர்கள். குகைவாயை விட்டு, ஜெபித்துச் சென்றவர்களின் முழங்கால் மணலில் பதித்த குழிகளுக்கு அளவு வைத்து அன்றைய படம் எடுக்கப்பட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றில் பல சபைகளில் வாசிக்கப்படுவது தோமாவின் பகுதி. காணாமல் நம்புகிறவர்களைப் பாக்கியவான்கள் என்று சொன்ன ஆண்டவர், கண்டால்தான் நம்புவேன் என்றவரைத் தள்ளிவிடாமல் காயத்தையும் காட்டினார் என்பது, கண்ணால் வாழும் பொழுதுபோக்கைக் கொண்ட ஒரு விசுவாசிக்குப் பெரும் ஆறுதல்.

படங்களைத் தெரிவுசெய்யும் வேலை இன்று முடிந்தது. தரங்கம்பாடி முகப்பின் படத்தைச் சேர்ப்பதானால் 1707இன் ஆலயத்தைப் பற்றிய வரி அதன் கீழே கட்டாயம் வர வேண்டும். டோனாவூர்த் தொட்டிக்கு விளக்கம் எதுவும் சேர்க்கப்படவில்லை, அதிலுள்ள சொல்லே போதும். வடக்கன்குளத்தில் எடுத்த கூடப் படங்களில் ஒன்றை மட்டும் வெளியிட்டால் அது பழைய தடுப்பை மீண்டும் எழுப்புவதாகும் என்பதால், இரண்டும் ஒரே தாளில், இடையில் வெள்ளைக் கரை விடாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து அச்சுக்குக் கொடுக்கப்பட்டுள்ளன. படவிளக்கம் 1872இல் தொடங்காமல் 1910இல் தொடங்குகிறது.