தூசியோடு பெயர்த்த அறை

பிரான்சிஸ் பேக்கன் 1909-ல் டப்ளினில் பிறந்தவர். தகப்பனாரோடு ஒத்துப்போகாமல் பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர், அயர்லாந்துக்குத் திரும்பி வந்து வாழவில்லை. ஓவியராகப் பேர் எடுத்தது லண்டனில். 1961 முதல் 1992-ல் சாகும்வரை படம் வரைந்த ஸ்டூடியோவும் அங்கேதான், சவுத் கென்சிங்டனில், 7, ரீஸ் மியூஸ் என்ற முகவரியில். ஆனால் அந்த அறையைப் பார்க்க வேண்டுமென்றால் டப்ளினுக்குத்தான் போக வேண்டும். இது எப்படி என்று தேடப் போனேன்.

முதலில் லண்டன். பணக்காரர்கள் ஒரு காலத்தில் குதிரையும் வண்டியும் கட்டிவைத்த லாயங்கள் வரிசையாக நிற்கும் சந்து அது. பேக்கன் குடியிருந்தது அப்படி ஒரு லாயத்தின் மாடி. செங்குத்தான மரப்படி, பிடித்து ஏற ஒரு கயிறு, சமையலறையிலேயே குளியல் தொட்டி. அவர் படங்கள் கோடிகளில் விலைபோன காலத்திலும் வீடு இப்படித்தான். பக்கத்திலேயே நல்ல வெளிச்சமுள்ள ஒரு ஸ்டூடியோ வாங்கி, கம்பளமும் திரைச்சீலையுமாக அலங்கரித்தும் பார்த்திருக்கிறார். அங்கே வேலையே ஓடவில்லையாம். பழைய குப்பைக்கே திரும்பிவிட்டார்.

குப்பை என்றால் நிஜமாகவே குப்பை. காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், கத்தை கத்தையாகத் தூரிகைகள், மிதிபட்டுக் கசங்கிய போட்டோக்கள், எக்ஸ்ரே எடுக்கக் கற்றுத்தரும் மருத்துவப் புத்தகம். தனியாகப் பலகை எதற்கு என்று சுவரிலும் கதவிலுமே வண்ணம் குழைத்திருக்கிறார்.

வாரிசான ஜான் எட்வர்ட்ஸ் 1998-ல் இந்த ஸ்டூடியோவை டப்ளினிலுள்ள ஹியூ லேன் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். பிறந்த ஊர் என்ற உரிமை. கலைக்கூடம் அனுப்பிய குழுவில் தொல்லியலாளர்களும் இருந்தார்கள் என்பதைப் படித்ததும்தான் எனக்கு இதில் ஆர்வம் பற்றியது. அகழாய்வுக் குழியில் செய்வதைப் போலவே எந்தப் பொருள் எங்கே, எதன்மேல் கிடந்தது என்று வரைபடம் போட்டு, போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 7,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். சுவர், கதவு, தரை, கூரை எல்லாம் கழன்று கப்பலேறின. தூசியைக்கூட விடவில்லை, கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். 2001 மே மாதம் டப்ளினில் அறை திறந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கும்படி அமைத்திருந்தார்கள்.

தூசி வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பேக்கனுக்குத் தூசியும் ஒரு வண்ணம். 1945-ல் வரைந்த ஒரு படத்தில், உட்கார்ந்திருக்கும் மனிதனின் சாம்பல்நிறக் கோட்டுக்கு, தரைத்தூசியைத் துணியில் எடுத்து ஈரப் பெயின்ட்மேல் அப்பியதாக அவரே விமர்சகர் டேவிட் சில்வெஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமாக்காரர்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். பிடிக்காத படங்களைக் கத்தியால் கிழித்து அழித்தவர் அவர். அப்படிக் கிழிபட்ட கான்வாஸ்கள் மட்டும் அறையில் சுமார் 100 கிடைத்தன. மற்றவர் கண்ணில் எது படலாம், எது படக்கூடாது என்பதில் அவ்வளவு கறார். முன்கூட்டிக் கோட்டோவியம் போட்டுப் பார்க்கும் பழக்கமே தனக்கில்லை, எல்லாம் கான்வாஸில் நேரடியாக, தற்செயலாக நிகழ்பவை என்று வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தார். குவியலை அடுக்கடுக்காகப் பிரித்தபோது, தாளில் வரைந்த கோட்டோவியங்கள் 70 அளவில் வெளியே வந்தன. வரையப்போகும் படங்களுக்கான யோசனைகளை அவர் கையாலேயே எழுதிவைத்த குறிப்புகளும் கிடைத்தன.

யாராவது துப்புரவாகப் பெருக்கித் தள்ளியிருந்தால் அவர் சொன்னதே நின்றிருக்கும்.