இலை வழியே ஏறும் தாமிரபரணி

பொதிகை மலையில் பூங்குளத்தில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணி ஓடுவது ஏறக்குறைய 128 கிலோமீட்டர். கீழே ஓடும் தண்ணீரை அணையில் அடிக்கணக்கில் அளக்கிறோம். இலை வழியே மேலே ஏறும் தண்ணீரை யாரும் அன்றாடம் அளப்பதில்லை. அதனால் மரம் குடித்த நீரை முழுக்கச் செலவில் எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு வரவு என்பதே என் வாதம்.

மலையிலிருந்தே பார்ப்போம். ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அதற்காக இலைத்துளை திறந்தால் ஈரம் வெளியேறியே தீரும். வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இப்படித்தான் ஆவியாகிறது. உணவு ஆக்கச் செலவாவது சொற்பம். தாமிரபரணியின் காரையாறு அணைக்கு மேலுள்ள களக்காடு முண்டந்துறைப் பசுமைமாறாக் காடு, மழை விட்ட நாள்களிலும் மண்ணின் ஈரத்தை இழுத்துக் காற்றில் விடுகிறது. மழையைத் தருவது கடல்தானே, இலை எம்மாத்திரம் என்று கேட்கலாம். பருவக்காற்று வலுத்து வீசும் ஆண்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணிப்பு வேறொன்றைக் காட்டுகிறது: பருவமழை குறையும் ஆண்டுகளில், தமிழகத்தின் தென்மேற்குப் பருவமழைக்கான ஈரத்தில் 40 விழுக்காடு வரை மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களிலிருந்து வருகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மரம் பெருகினால் ஓடை வற்றும். நீலகிரியில் கிளென்மார்கன் புல்வெளியில் தைலமரம் வளர்த்து அளந்தபோது, முதல் வளர்ப்புச் சுற்றிலேயே நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மறுக்க முடியாத அளவீடு. புல்வெளியில் தைலமரம் நடாதே என்பதற்கு அது சான்று; இயற்கையான சோலைக்காட்டை அழிக்கலாம் என்பதற்கு அதில் இடமில்லை. ஆவியான நீர் அந்த ஓடைக்கு இழப்புதான். காற்று போகும் திசையில் இருப்பவனுக்கோ அது வரவு.

பாபநாசம் தாண்டினால் ஆறு வயல்களுக்குப் பிரிகிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதைத் திருப்பிவிடுகின்றன; நெல்லும் வாழையும் அந்த நீரை மறுபடி காற்றில் ஏற்றுகின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலமான கார் சாகுபடிப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அந்த ஆவி பெரும்பாலும் மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடும். இது என் வாதத்துக்குப் பாதகமான உண்மை. வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் பிசான சாகுபடியில் காற்று திசைமாறி மலையை நோக்கி வீசுகிறது. வயல் விட்ட ஈரம் எல்லாமே மழையாகாது. ஆனால் பொதிகையில் மோதி உயரும் காற்றில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

புன்னைக்காயலில் கடலில் கலக்கும் நீரை வீண் என்பவர்கள் நிறைய. இலையில் ஏறும் நீரையும் அப்படியே சொல்கிறார்கள். தாமிரபரணிக்கு அடுத்த திட்டம் தீட்டுவோர், அணை மட்டத்தோடு களக்காடு முண்டந்துறைக் காடு விடும் ஆவியையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.